மட நாரையும் ஈர நீர்க்காகமும்

பறவையும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், நெடுங்கரை என்றொரு ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரிக்கும் ஊருக்கும் நடுவே உயரமான மண்கரை. கரைக்குக் கீழே வயல்கள், வயல்களை ஒட்டி வீடுகள். ஏரி நிறைந்தால் ஊருக்கு வயிறு நிறையும். ஏரி மீறினால் வீடு மிஞ்சாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காதை ஏரிப் பக்கமே வைத்திருப்பார்கள்.

ஏரிக்குள் ஒரு கடம்ப மரம் நின்றது. அதன் மேல்கிளையில் ஒரு நாரையும் அதற்கு அடுத்த கிளையில் ஒரு நீர்க்காகமும் குடியிருந்தன. நாரை பெண், நீர்க்காகம் ஆண். வேறு வேறு கூட்டில் பொரித்தவைதான் என்றாலும், சிறகு முளைக்கும் முன்பிருந்தே பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவை. நீர்க்காகம் நாரையை அக்கா என்று கூப்பிடும். நாரை அதைத் தம்பி என்று கூப்பிடும். நாரை ஓரத்தில் நடந்து மீன் பிடிக்கும், நீர்க்காகம் ஆழத்தில் முங்கிப் பிடிக்கும். ஒன்றுக்குக் கிடைக்காத நாளில் மற்றது பங்கு கொடுக்கும்.

அப்போதெல்லாம் நாரைக்கு நல்ல குரல் இருந்தது. கடம்ப மரத்திலிருந்து கூப்பிட்டால் கடைசி வயலில் நாற்றுப் பறிப்பவருக்கும் கேட்கும்.

அந்தக் காலத்தில் பெயர் என்றால் வெறும் பெயர்தான். நாரை நாரைதான், நண்டு நண்டுதான். பெயருக்கு முன்னால் ஒட்டிச் சொல்கிற அடைமொழிகள் மிகக் குறைவு. நெடுங்கரைக்காரர்களிடம் இருந்த அப்படிப்பட்ட சொற்களில் ஒன்று ‘மட.’ அதைக் கைக்குழந்தைக்கு மட்டும்தான் சொல்வார்கள். யார் கை நீட்டினாலும் தாவிப் போகிற, யார் முகத்தைப் பார்த்தாலும் சிரிக்கிற, கள்ளம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையை ‘மடப்பிள்ளை’ என்று சொல்லி உச்சி முகர்வார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து முதல் பொய்யைச் சொன்ன அன்று அந்தச் சொல் அதைவிட்டுப் போய்விடும். பிறகு திரும்பி வராது.

ஊரில் வேம்பன் என்றொரு இளைஞன் இருந்தான். கரைக்காவல் பார்க்கும் கொற்றனுடைய தம்பி. கெட்டவன் இல்லை, ஆனால் யாரையாவது சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது. ஒரு கோடை நாளில் அவன் நாரையிடம் போய், “சேதி தெரியுமா? இன்று மீன்கள் எல்லாம் மேகத்திலிருந்து விழப் போகின்றனவாம். அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதுமாம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாரை அண்ணாந்து, அலகைப் பிளந்துகொண்டு நின்றது. உச்சி வெயிலிலும் நின்றது. வேம்பன் ஊரையே கூட்டிவந்து காட்டினான். கரை முழுக்கச் சிரிப்பு. வெயில் சாய்ந்த பிறகு அவன், “இன்னுமா நிற்கிறாய்?” என்று கேட்டான்.

நாரை கழுத்தைத் தாழ்த்தி அவனைப் பார்த்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “மீன் வரவில்லை வேம்பா. உனக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் நாளைக்கு இப்படி வெயிலில் நின்று ஏமாந்துவிடாதே” என்றது.

கரையில் சிரிப்பு நின்றது. வேம்பன் தலையைக் குனிந்துகொண்டான். கொற்றனின் மனைவி நொச்சி தண்ணீருக்குள் இறங்கிப் போய் நாரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“ஏமாற்றியவன் ஏமாந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறாயே, இது கைக்குழந்தையின் மனசு. நீ இனிமேல் வெறும் நாரை இல்லை, மட நாரை” என்றாள்.

இறகு முளைத்த ஒன்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது அதுதான் முதல் முறை. சொல் ஊரெங்கும் பரவியது. அதற்குப் பிறகு நாரையிடம் பொய் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு என்று எது வந்தாலும் இரண்டு பேரையும் கடம்ப மரத்துக்கு எதிரில் நிறுத்திவிடுவார்கள். “இதன் முகத்தைப் பார்த்துச் சொல்” என்பார்கள். அவ்வளவுதான், உண்மை தானாக வந்துவிடும். மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறவர்கள்கூட, “எங்கள் பெண் மடப்பெண்” என்று பெருமையாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

மழைக்காலக் காவலையும் ஊர் நாரையிடமே விட்டது. ஏரியின் வடக்கே பாறையை ஒட்டி ஒரு வடிகால் உண்டு. அதை மண்ணால் அடைத்து வைத்திருப்பார்கள். ஓரத்தில் நிற்கும் நாரையின் முட்டி வரைக்கும் தண்ணீர் ஏறினால் அது குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டதும் ஆட்கள் ஓடிப்போய் வடிகாலை வெட்டிவிடுவார்கள். மிச்சத் தண்ணீர் ஊரைத் தொடாமல் காட்டுப் பக்கம் போய்விடும்.

இதையெல்லாம் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து நீர்க்காகம் பார்த்துக்கொண்டிருந்தது.

தனக்குள் இருப்பது பொறாமை என்று முதலில் அதற்குத் தெரியவில்லை. தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருந்தது. விழுங்கிப் பார்த்தது, போகவில்லை. “மட நாரையம்மா, சாப்பிட்டாயா?” என்று யாராவது கரையிலிருந்து கேட்டால் முள் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். கேட்காமல் இருக்கலாம் என்று ஆழத்தில் முங்கிப் பார்த்தது. தண்ணீருக்கடியிலும் அந்தச் சொல் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீர்க்காகம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. மழைக்கு முன்பு கரையின் அடிவாரம் முழுக்க முங்கிப் பார்ப்பது அதுதான். எங்கே நண்டு வளை போட்டிருக்கிறது, எங்கே மண் கரைந்திருக்கிறது என்று பார்த்துவந்து நாரையிடம் சொல்லும். அதற்குச் சின்னக் குரல், கரைக்கு எட்டாது. நாரைதான் கூப்பிட்டுச் சொல்லும். கொற்றன் வந்து ஓட்டையை அடைப்பான்.

“நீ இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன ஆகும் மட நாரையம்மா!” என்பான்.

“நான் பார்க்கவில்லை கொற்றா. தம்பிதான் முங்கிப் பார்த்தான். அவனுக்குச் சொல்” என்று நாரை ஒவ்வொரு முறையும் உள்ளதைச் சொல்லும்.

கொற்றன் சிரிப்பான். “பார்த்தீர்களா, வருகிற பெயரைக்கூடத் தள்ளிவிட்டு அடுத்தவனுக்குக் கொடுக்கிறது. மட என்றால் இதுதான் மட!” என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவான். போகிற போக்கில் நீர்க்காகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான்.

அக்கா தன் புகழை எடுத்துக்கொண்டிருந்தால் சண்டை போடலாம். அவள் அதை எடுத்துத் தம்பிக்கே கொடுக்கிறாள். கொடுத்த அந்தக் கணமே அது இன்னும் பெரிதாகி அவளிடமே திரும்பிவிடுகிறது. நீர்க்காகத்துக்கு இதுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் அது வேம்பனிடம் போனது. “என்னிடம் ஏதாவது சொல்லேன். நான் நம்புகிறேன்” என்றது.

“என்ன சொல்ல?”

“எது வேண்டுமானாலும்.”

“ஏரித் தண்ணீர் எல்லாம் பால்” என்றான் வேம்பன்.

“அப்படியா! நான் நம்பிவிட்டேன்.”

வேம்பன் விழுந்து விழுந்து சிரித்தான். “நீயா? உன் கண் ரெண்டும் என் மடியில் மீன் இருக்கிறதா என்று பார்க்கிறது. நீயாவது நம்புகிறதாவது! போடா, போய் முங்கு.”

இன்னொரு நாள் அது நொச்சியிடமே போனது. நொச்சிக்கு அப்போது மகள் மின்னி பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் ஏரிக்கரையில் உட்கார்ந்து கெண்டை மீன்களை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீர்க்காகம் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டது.

“நொச்சியம்மா, எனக்கும் பெயருக்கு முன்னால் ஒரு சொல் கொடேன்.”

அவள் கேலி செய்யவில்லை. கொஞ்சம் யோசித்தாள். “கரிய நீர்க்காகம் என்று சொல்லட்டுமா?”

“கருப்பாக இருக்கிறேன் என்பது கண்ணுள்ள எல்லோருக்கும் தெரியும்.”

“முங்கும் நீர்க்காகம்?”

“அது நான் செய்கிற வேலை. மீனும்தான் முங்குகிறது.”

“அப்படியென்றால் உனக்கு எந்த மாதிரிச் சொல்தான் வேண்டும்?”

“அக்காவுக்கு இருக்கிற மாதிரி. சொல்லும்போது உங்கள் குரல் மாறுகிறதே, அந்த மாதிரி.”

நொச்சி மீன்செதில் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு அதன் தலையைத் தடவினாள். “நீ கேட்டு நான் கொடுத்தால் அது உன்மேல் ஒட்டாது தம்பி. அவள் கேட்டா வாங்கினாள்? உனக்கென்று ஒன்று வரும். கொஞ்சம் பொறு.”

பொறு என்று அவள் சொன்ன அதைத்தான் நீர்க்காகத்தால் செய்ய முடியவில்லை. தனக்கு ஒரு சொல் வேண்டும் என்ற ஆசை அன்றோடு போய்விட்டது. அக்காவுக்கு அந்தச் சொல் இருக்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. நீர்க்காகம் வழக்கம்போலக் கரையின் அடிவாரத்தில் முங்கிப் பார்த்தது. தென்பக்கம் நண்டுகள் பெரிய வளை போட்டு, மண் உள்ளுக்குள் சரிந்திருந்தது. மேலே வந்தது.

“எப்படி இருக்கிறது தம்பி?” என்று நாரை கேட்டது.

“எல்லாம் கெட்டியாக இருக்கிறது” என்றது நீர்க்காகம்.

சொன்னது பொய் என்று அதற்கே தெரியும். ஆனால் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் பகலில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. ஊரே நடவு வயலில் இருந்தது. நாரை தன் இடத்தில் நின்றது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது, மெல்ல மெல்ல முட்டியைத் தொட்டது. நாரை கழுத்தை நீட்டிக் குரல் கொடுக்க அலகைத் திறந்தது.

“அக்கா, கூப்பிடாதே!” என்று நீர்க்காகம் பக்கத்தில் வந்து இறங்கியது.

“ஏன்டா? முட்டி நனைந்துவிட்டது.”

“வடிகாலை வெட்டிவிட்டார்கள். நான் அங்கிருந்துதான் வருகிறேன். தண்ணீர் இப்போது இறங்கிவிடும். நீ வீணாகக் கத்தினால் நடவைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவருவார்கள்.”

“நீ பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

“அப்படியானால் சரி” என்றது நாரை. அலகை மூடிக்கொண்டது.

நீர்க்காகத்தின் மனதில் இருந்தது பெரிய கணக்கு இல்லை. தண்ணீர் கரையைத் தாண்டிக் கொஞ்சம் வழியும், வாசல்கள் நனையும், ஊர்க்காரர்கள் நாரையை நாலு திட்டுத் திட்டுவார்கள். அந்த ஒரு நாள் திட்டைக் காதால் கேட்டால் போதும் என்றுதான் அது நினைத்தது. தென்பக்கத்து வளையை நினைக்கவில்லை. நினைவு வந்தபோதும் அதைத் தள்ளிவிட்டது.

தண்ணீர் நாரையின் தொடைக்கு ஏறியது. வயிற்றைத் தொட்டது. நாரை தம்பியின் முகத்தைப் பார்த்தது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. “வடிய நேரமாகும் போலிருக்கிறது” என்று நாரை தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

அப்போது தென்பக்கம் கரை வாய் பிளந்தது.

இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான். நாரை மேலே எழும்பி வயல்களின் மேல் பறந்துகொண்டே தொண்டை கிழியக் கத்தியது. “மேட்டுக்கு ஓடுங்கள்! மேட்டுக்கு ஓடுங்கள்!” அந்தக் குரலைக் கேட்டுத்தான் நடவுப் பெண்கள் நாற்றுக்கட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் உயிர் தப்பியது அந்தக் குரலால்தான். ஆனால் அதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வேம்பன் ஓடவில்லை. உடைந்த வாயை அடைக்கப் பார்த்தான். வைக்கோல் போரைத் தள்ளிக்கொண்டு உடைப்புக்கே போனான். வைக்கோலோடு அவனும் போனான்.

வயலோரத்து வேப்ப மரத்தில் நொச்சி தூளி கட்டி மின்னியைத் தூங்கப் போட்டிருந்தாள். மரம் சாய்ந்தது. தூளி அறுந்து தண்ணீரில் ஓடியது. நொச்சி கழுத்தளவு தண்ணீரில் அலறிக்கொண்டு பின்னால் போனாள், எட்டவில்லை.

நீர்க்காகம் அதைப் பார்த்தது. எதையும் யோசிக்கவில்லை. முங்கியது. கலங்கிய தண்ணீரில் கண் தெரியாமல் துழாவி, தூளித் துணியின் நுனியை அலகால் கவ்வியது. தன்னைவிடப் பல மடங்கு கனமான சுமை. இழுக்கவே முடியாது. ஆனாலும் விடவில்லை. நீரோட்டத்தோடு போய், ஒரு புதரில் துணியை மாட்டி, கால்களால் புதரையும் அலகால் துணியையும் பிடித்துக்கொண்டு கிடந்தது. பிள்ளையின் முகம் தண்ணீருக்கு மேலே இருந்தது. கொற்றன் நீந்தி வந்து எடுக்கும் வரை அப்படியே கிடந்தது. மின்னி இருமினாள், பிறகு வீறிட்டு அழுதாள்.

மழை விட்டது. மேட்டில் எல்லோரும் கூடி நின்றார்கள். வீடுகள் இல்லை, மாடுகள் இல்லை, விதைநெல் இல்லை. வேம்பனின் உடலை உடைப்புக்குக் கீழேயிருந்து எடுத்துவந்து கிடத்தியிருந்தார்கள். கொற்றன் தம்பியின் முகத்திலிருந்த சேற்றை வழித்துவிட்டு எழுந்து, நாரையிடம் வந்தான்.

“ஏன் கூப்பிடவில்லை?”

நாரை ஓர் அடி பின்வாங்கியது.

“உன் முட்டியில் தண்ணீர் ஏறவில்லையா? சொல்! உன்னை நம்பித்தானே நடவுக்குப் போனோம்? ஏன் கூப்பிடவில்லை?”

நாரை நீர்க்காகத்தைப் பார்த்தது. நீர்க்காகம் மேட்டோரம் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. தம்பி சொன்னான், பார்த்தேன் என்றான், நான் நம்பினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அந்தக் கணமே தம்பியைக் கல்லால் அடித்துக் கொல்வார்கள். அது நாரைக்குத் தெரிந்தது. அதைவிட, தம்பி பொய் சொல்லியிருப்பான் என்பதை அதன் மனம் அப்போதும் முழுதாக நம்பவில்லை. பார்த்ததைத் தப்பாகப் பார்த்திருப்பான், மழையில் கண் மறைத்திருக்கும் என்று நினைத்தது.

அலகைத் திறந்தது. மூடியது. அலகு நடுங்கி ஒன்றோடொன்று மோதியது. டக டக டக என்ற சத்தம் மட்டும் வந்தது. பேச்சு வரவில்லை.

கொற்றனுக்கு அந்தச் சத்தம் இளிப்பது போலக் கேட்டது. “மட நாரையே!” என்று கத்தினான். “மட நாரையே! புத்தி கெட்டதே! தண்ணீர் ஏறுகிறது, சும்மா நின்றாயே! என் தம்பியைக் கொடுத்துவிட்டேனே!”

சொல் அதேதான். நொச்சி தண்ணீருக்குள் இறங்கிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொடுத்த சொல். ஆனால் கொற்றனின் வாயிலிருந்து அது கல்லாக வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். “மட நாரை! மட நாரை!” என்று ஆளுக்கு ஒரு முறை எறிந்தார்கள். நாரை எழும்பிப் பறந்து, தூரத்தில் ஒரு பட்டமரத்தில் போய் உட்கார்ந்தது.

இதைக் கேட்க வேண்டும் என்றுதானே நீர்க்காகம் அத்தனை நாள் தவித்தது? இப்போது கேட்டது. தொண்டையில் இருந்த முள் போய்விட்டதா என்று விழுங்கிப் பார்த்தது. முள் அங்கேயே இருந்தது.

வேம்பனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு கொற்றன் நீர்க்காகத்தின் முன் வந்து நின்றான். கையில் மின்னி இருந்தாள்.

“நீ இல்லாவிட்டால் இவளையும் இழந்திருப்பேன். உனக்கு ஒரு அடைமொழி வேண்டும் என்று கேட்டாயாம், நொச்சி சொன்னாள். உன் நெஞ்சில் ஈரம் இருக்கிறது. இனி நீ ஈர நீர்க்காகம்.”

ஊரே அப்படிக் கூப்பிடத் தொடங்கியது. மேட்டில் குடிசை போட்டவர்கள், அதைக் கண்டதும் எழுந்து, “ஈர நீர்க்காகமே, இங்கே வா” என்று தங்கள் கஞ்சியில் பங்கு வைத்தார்கள். சொல்லும்போது அவர்கள் குரல் மாறியது. அது ஆசைப்பட்டதைப் போலவே மாறியது. ஆனால் ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைக் கேட்கும்போதும் நீர்க்காகத்துக்கு இறகுக்குள் தண்ணீர் கசிவது போல இருந்தது. வெயிலில் நின்றாலும் சில்லென்றது. ஒரு பாறைமேல் ஏறி இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக் காயப்போட்டது. காயவில்லை.

ஒரு காலையில் அது பட்டமரத்துக்குப் பறந்து போனது. நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

“அக்கா” என்றது நீர்க்காகம். “நான்தான் பொய் சொன்னேன். வடிகாலை யாரும் வெட்டவில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை. கரையில் வளை இருந்ததும் எனக்குத் தெரியும்.”

நாரை தூக்கியிருந்த காலைக் கீழே ஊன்றியது.

“ஏன் சொல்லவில்லை அக்கா? என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே? என்னைத் திட்டு. கொத்து.”

நாரை கிளையில் கொஞ்சம் நகர்ந்து, கூட்டுக்குஞ்சாக இருந்த காலத்தில் செய்தது போல, பக்கத்தில் இடம் விட்டது.

நீர்க்காகத்தால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. திரும்பி நேராக நொச்சியிடம் பறந்தது.

நொச்சி மேட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அது எல்லாவற்றையும் சொன்னது. நாரைமேல் இருந்த பொறாமை, தென்பக்கத்து நண்டு வளை, ‘பார்த்தேன்’ என்று சொன்ன பொய், எதையும் விடவில்லை. நொச்சி ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அடுப்பு அணைந்துவிட்டது, அவள் கவனிக்கவில்லை.

“ஈர என்ற அந்தச் சொல்லை எடுத்துக்கொள் நொச்சியம்மா. என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு எது பொருந்துமோ அதைச் சொல்லி, ஊரைக் கூட்டி, என்னை அடித்து விரட்டு.”

நொச்சி அதைப் பிடித்து முகத்துக்கு நேராகத் தூக்கினாள். கழுத்தை நெரிக்கப் போகிறாள் என்று நீர்க்காகம் நினைத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

“என் கொழுந்தனைக் கொன்றது இந்த அலகு” என்றாள். “என் பிள்ளையைத் தண்ணீரில் விடாமல் பிடித்ததும் இதே அலகு. இரண்டையும் செய்த உன்னை ஒரே சொல்லில் நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?”

அவள் அதைக் கீழே விட்டாள். “போ. உனக்கு ஒன்றும் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வெறும் நீர்க்காகமாகவே இரு.”

நொச்சி பட்டமரத்துக்கு ஓடினாள். “அம்மா, மன்னித்துக்கொள். ஊருக்கு வா. இனி ஒருவரும் உன்னை ஏச மாட்டார்கள்” என்று அழுதாள். நாரை கழுத்தைத் தாழ்த்தி அவள் தலையில் அலகை வைத்தது. டக டக டக என்றது. அவ்வளவுதான். தம்பியைக் காக்க அன்று மேட்டில் வாயை மூடிய அது, பிறகு எந்த உண்மைக்கும் அதைத் திறக்கவில்லை.

நொச்சி குடிசை குடிசையாகப் போனாள். “நாரை புத்தி கெட்டது இல்லை. அது நம்பியது, அவ்வளவுதான். மட என்றால் கள்ளமில்லாதது என்று அர்த்தம். நாம்தானே அப்படி வைத்தோம்?” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். கொற்றன் நடந்ததைக் கேட்டு நெற்றியில் அறைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். சிலர் அவள் சொன்னதைக் கேட்டு வருந்தி, பழையபடி கொஞ்சலாகச் சொல்லத் தொடங்கினார்கள். பாட்டுக் கட்டுகிறவர்கள் இவர்களிடம்தான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். நாரைக்கு வைத்தார்கள், மானுக்கு வைத்தார்கள், பிரிந்து போன காதலிக்கும் வைத்தார்கள்.

ஆனால் அதற்குள் அந்தச் சொல் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. மாடு வழி தவறினால் மட மாடு. மருமகன் பேச்சை நம்பி ஏமாந்தால் மடத்தனம். விளையாடுகிற பிள்ளைகள், விட்டுக் கொடுத்தவனை அந்தச் சொல்லால்தான் பரிகாசம் செய்தார்கள். நொச்சி அவர்களை அதட்டிப் பார்த்தாள். “எங்கள் அப்பா இப்படித்தான் சொல்கிறார்” என்று அவர்கள் ஓடிவிட்டார்கள். எத்தனை வாயைத்தான் அவள் மூடுவாள்? அவளும் ஓய்ந்து போனாள்.

நீர்க்காகத்தை யாரும் அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சொல்லைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதன் இறகில் ஈரம் தங்கிவிட்டது. மற்ற நீர்ப்பறவைகள் தண்ணீரைவிட்டு ஏறி ஒரு தடவை உதறினால் போதும். இது மட்டும் இன்றைக்கும் கட்டையின் மேலும் பாறையின் மேலும் ஏறி, இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறது.

நெடுங்கரையின் கரை உடைந்த அந்த ஐப்பசியிலிருந்துதான் ‘மட’ என்ற சொல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பாட்டில் வந்தால் கொஞ்சல், தெருவில் வந்தால் ஏச்சு. எந்தப் பொருளில் சொன்னாலும், நாரை அலகைத் தட்டுமே தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை.